இல்லாத சட்டமும் இருந்த சட்டங்களும்

கேள்வி: மெல்போர்னில் வேலை பார்க்கும் என் மகள், ஆஸ்திரேலியாவில் 1967 வரை பூர்வகுடி மக்களைச் செடிகொடிகளோடும் விலங்குகளோடும் சேர்த்து ஒரே சட்டத்தில் வைத்திருந்தார்கள் என்கிறாள். அந்த ஆண்டு நடந்த பொதுவாக்கெடுப்பில்தான் அவர்களுக்கு ஓட்டுரிமையும் குடியுரிமையும் கிடைத்தனவாம். அவள் அலுவலகத்தில் எல்லோரும் இதையே சொல்கிறார்களாம். எனக்கு நம்பவும் முடியவில்லை, மறுக்கவும் தெரியவில்லை. எது உண்மை? 1967இல் அப்படி என்னதான் நடந்தது?

— வாசகி ஒருவர், திண்டுக்கல்

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் மகள் சொன்னதில் மூன்று செய்திகள் இருக்கின்றன: செடிகொடிச் சட்டம், ஓட்டு, குடியுரிமை. மூன்றுமே தவறு. ஆனால் உடனே மகளுக்குப் போன் போட்டு, "பார்த்தாயா, நீ சொன்னது தப்பு" என்று சொல்லிவிடாதீர்கள். இந்தப் பதிலை முடிக்கும்போது, தவறாகச் சொன்ன அவளே சரியாகச் சொல்லும் பலரைவிட உண்மைக்குப் பக்கத்தில் நிற்கிறாள் என்று உங்களுக்குத் தோன்றலாம். அதனால்தான் இந்தக் கேள்வி எனக்குப் பிடித்துப்போனது.

செடிகொடியிலிருந்து தொடங்குவோம். 'தாவர, விலங்கினச் சட்டம்' என்ற பெயரில் பூர்வகுடிகளை ஆண்ட சட்டம் ஒன்று மத்திய அரசிலும் இல்லை, எந்த மாநிலத்திலும் இல்லை. இருந்ததாகச் சொல்கிறவர்கள் விஷயம் தெரியாத வெள்ளைக்காரர்கள் மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். பூர்வகுடிப் பெரியவர்கள் பலர் மேடையிலேயே சொல்லியிருக்கிறார்கள். தங்கள் வாழ்க்கையைப் பற்றித் தாங்களே சொல்லும்போது அது எப்படித் தவறாகும் என்று கேட்பீர்கள். நியாயமான சந்தேகம்தான்.

புகை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் இரண்டு மூன்று அடுப்புகள் தெரிகின்றன. மேற்கு ஆஸ்திரேலிய மாநிலத்தில் 1909 முதல் 1920 வரை ஓர் அரசுத் துறை இருந்தது. அதன் பெயர் 'பூர்வகுடிகள் மற்றும் மீன்வளத் துறை'. மனிதர்களுக்கும் மீன்களுக்கும் ஒரே அலுவலகம், ஒரே பெயர்ப்பலகை. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், 1967க்குப் பிறகு வந்ததுதான் என்றாலும், பூர்வகுடிகளின் பழம்பொருட்களையும் புனித இடங்களையும் காப்பதற்கான விதிகள் 1974ஆம் ஆண்டின் தேசியப் பூங்காக்கள், வனவிலங்குகள் சட்டத்துக்குள் சேர்க்கப்பட்டன. கங்காருவைத் தேடிப் புரட்டுகிற சட்டப் புத்தகத்தில் பாட்டனின் கல்லறையும் இருந்தால் பேரன் என்ன நினைப்பான்?

மூன்றாவது அடுப்பு இன்னும் சூடானது. நாட்டின் வட பிரதேசத்தில் 1957இல் அரசு ஒரு பதிவேட்டை வெளியிட்டது. 15,000க்கும் மேற்பட்ட பூர்வகுடிகளின் பெயர்கள் அதில் இருந்தன. பெயர் ஏறியவர்கள் அனைவரும் 'வார்டு'. தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளத் திறனில்லை என்று கருதி, சிறுபிள்ளையைப் போல அரசின் காப்பில் வைக்கப்பட்டவர் என்று பொருள். அறுபது வயதுக் கிழவரும் வார்டுதான். அந்தப் பதிவேட்டுக்கு வட பிரதேசத்து மக்கள் வைத்த பட்டப்பெயர் 'ஸ்டட் புக்'. உயர்ஜாதிக் குதிரைகளுக்கும் காளைகளுக்கும் வம்சாவளி எழுதிவைக்கும் ஏட்டுக்கு அந்த ஊரில் அதுதான் பெயர். ஆக, சட்டத்தின் பெயரைத்தான் உங்கள் மகளின் அலுவலகத்தார் தவறாகச் சொல்கிறார்கள். தாங்கள் எந்த வரிசையில் வைக்கப்பட்டோம் என்பதை அந்தப் பெரியவர்கள் தவறாக நினைவில் வைத்திருக்கவில்லை.

அடுத்தது ஓட்டு. இங்கே கதை தலைகீழாகப் போகிறது: கொடுத்து, பறித்து, மறுபடி கொடுத்தார்கள். 1850களில் ஆஸ்திரேலியக் காலனிகள் சில, வயதுவந்த ஆண்களான பிரிட்டிஷ் பிரஜைகள் அனைவருக்கும் ஓட்டு என்று எழுதியபோது பூர்வகுடி ஆண்களை விலக்கி எழுதவில்லை. நினைத்துச் செய்தார்களோ, நினைக்காமலே விட்டார்களோ, சட்டப்படி அவர்களுக்கும் ஓட்டு இருந்தது. குவீன்ஸ்லாந்தும் மேற்கு ஆஸ்திரேலியாவும் மட்டும் கவனமாக விலக்கிவைத்தன. தென் ஆஸ்திரேலியா 1890களில் பெண்களுக்கும் ஓட்டுரிமை அளித்தது. முர்ரே ஆற்றின் முகத்துவாரத்தை அடுத்த பாயிண்ட் மெக்லே என்ற மிஷன் குடியிருப்பில் இருந்த நாரிந்தஜெரி இனப் பெண்கள் 1896 தேர்தலில் ஓட்டுப் போட்டார்கள். அப்போது இங்கிலாந்து ராணியின் நாட்டிலேயே நாடாளுமன்றத்துக்கு ஓட்டுப் போடப் பெண்களுக்கு உரிமை கிடையாது. இந்தப் பெண்களின் ஊரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் திரும்பி வருவோம்.

காலனிகள் ஒன்றுசேர்ந்து 1901இல் ஒரே நாடானதும், 1902இல் நாடாளுமன்றம் தேர்தல் உரிமைச் சட்டம் ஒன்றை இயற்றியது. வெள்ளைப் பெண்களுக்கு நாடு முழுக்க ஓட்டு கிடைத்த அதே சட்டம், ஆஸ்திரேலியா, ஆசியா, ஆப்பிரிக்கா, பசிபிக் தீவுகள் ஆகியவற்றின் பூர்விக மக்களின் பெயரைப் பட்டியலில் சேர்க்கக் கூடாது என்றது. நியூசிலாந்துக்கு மட்டும் விதிவிலக்கு. ஏற்கனவே மாநிலப் பட்டியலில் இருந்தவர்களின் உரிமையைத் தொடக் கூடாது என்று அரசியல் சாசனம் சொன்னது. அதிகாரிகள் அந்த வரியைக் கஞ்சத்தனமாகப் படித்து, பழையவர்கள் இறக்க இறக்கப் பட்டியலைச் சுருக்கினார்கள். பட்டியலில் 'ஆசியா' இருந்ததைக் கவனித்தீர்களா? அங்கே குடியேறியிருந்த இந்தியர்களும் அந்த வலையில் சிக்கினார்கள். பிரிட்டிஷ் இந்தியர்களுக்கு மட்டும் 1925இல் கதவைத் திறந்துவிட்டார்கள். மண்ணின் மக்கள் வெளியிலேயே நின்றார்கள்.

1949இல் கதவு ஒருக்களித்துத் திறந்தது. ராணுவத்தில் பணியாற்றியவர்களுக்கும், ஏற்கனவே மாநிலத் தேர்தலில் ஓட்டுப் போடும் உரிமை பெற்றிருந்தவர்களுக்கும் மத்திய ஓட்டு உறுதியானது. முழுதாகத் திறந்தது 1962இல்: நாடாளுமன்றத் தேர்தலில் பூர்வகுடிகள் யாவரும் ஓட்டுப் போடலாம். மாநிலத் தேர்தல்களில் கடைசியாக வழிக்கு வந்தது குவீன்ஸ்லாந்து, 1965இல். ஆகவே 1967 மே மாதத்தில் வாக்கெடுப்பு நடந்தபோது, பெயர் பதிந்திருந்த பூர்வகுடிகளும் அதிலேயே ஓட்டுப் போட்டார்கள். தங்களுக்கு ஓட்டுரிமை தரலாமா என்று கேட்கும் தேர்தலில் அவர்களே எப்படி ஓட்டுப் போட்டிருக்க முடியும்? இந்த ஒரு கேள்வியை உங்கள் மகள் அலுவலகத்தில் கேட்டால் பாதி விவாதம் முடிந்துவிடும்.

மூன்றாவது, குடியுரிமை. ஏட்டில் பார்த்தால் இது எல்லாவற்றையும்விட எளிது. 'ஆஸ்திரேலியக் குடிமகன்' என்ற சட்டத் தகுதியே 1949 ஜனவரி 26 அன்றுதான் பிறந்தது. அதுவரை அந்நாட்டில் எல்லோரும் பிரிட்டிஷ் பிரஜைகள். அந்த மண்ணில் பிறந்தவர்கள் எல்லோரும் அன்று குடிமக்கள் ஆனார்கள், பூர்வகுடிகளும்தான். ஆனால் பூர்வகுடிகள் வாயில் 'சிட்டிசன்ஷிப்' என்ற சொல்லுக்கு வேறு பொருள் இருந்தது. அது விண்ணப்பித்து வாங்க வேண்டிய ஒரு காகிதம்.

மேற்கு ஆஸ்திரேலியாவில் 1944இல் வந்த சட்டப்படி ஒருவர் அந்தச் சான்றிதழைக் கேட்டால் மாஜிஸ்திரேட்டின் முன் நிற்க வேண்டும். நெருங்கிய ரத்த உறவைத் தவிரத் தன் இனத்தாரோடு இரண்டு ஆண்டுகளாகப் பழக்கத்தை விட்டுவிட்டதாகக் காட்ட வேண்டும். ஆங்கிலம் பேசத் தெரிய வேண்டும். தொழுநோய், மேகநோய் இருக்கக் கூடாது. கிடைத்த பிறகும் புகார் வந்தால் பறித்துக்கொள்ளலாம். நியூ சவுத் வேல்ஸ் 1943 முதல் 'விலக்குச் சான்றிதழ்' என்று ஒன்றைக் கொடுத்தது. பூர்வகுடிச் சட்டங்கள் இவரைக் கட்டுப்படுத்தா என்று அது சொல்லும். மதுக்கடைக்குள் நுழைய, ஊருக்குள் வாழ, அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிய வேண்டும். அதற்கு மக்கள் வைத்த பெயர் 'நாய் லைசென்ஸ்'. முனிசிபாலிட்டியில் பணம் கட்டி நாயின் கழுத்தில் வில்லை மாட்டுவார்களே, அது. விலங்கு மறுபடி எப்படி உள்ளே வந்தது, பாருங்கள்.

இந்தக் காகிதம் ஒரு மனிதரை என்ன செய்தது என்று சொல்ல வேண்டும், அதற்குக் கொஞ்சம் இடம் எடுத்துக்கொள்கிறேன். ஆல்பர்ட் நமட்ஜிரா, அரண்டா இனத்தவர், 1902இல் பிறந்தவர். மத்திய ஆஸ்திரேலியாவின் செம்மண் மலைகளையும் வெள்ளை யூகலிப்டஸ் மரங்களையும் நீர்வண்ணத்தில் வரைந்து நாடறிந்த ஓவியர் ஆனார். 1954இல் ராணி எலிசபெத்தைச் சந்தித்தார். வருமான வரி கட்டினார். ஆனால் மாடு வளர்க்கக் குத்தகை நிலம் கேட்டபோது கிடைக்கவில்லை. ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஊருக்குள் வீடு கட்டக் கேட்டபோதும் கிடைக்கவில்லை. மேலே சொன்ன 1957 பதிவேட்டில் அவர் பெயரையும் மனைவி ரூபினாவின் பெயரையும் சேர்க்காமல் விட்டார்கள். 'நமட்ஜிராவுக்குக் குடியுரிமை' என்று பத்திரிகைகள் எழுதின. பிள்ளைகள் வார்டுகளாகவே இருந்தார்கள். அதாவது, அப்பா சட்டப்படி மது வாங்கலாம். சொந்த பந்தங்களுக்கு ஒரு வாய் கொடுத்தால் குற்றம். கிடைத்ததைப் பங்கிட்டுக்கொள்வது அரண்டா மக்களிடம் விருப்பம் சார்ந்த விஷயம் இல்லை, கடமை. 1958இல் உறவினர் ஒருவருக்கு மது கிடைக்கச் செய்தார் என்று வழக்கு. ஆறு மாதத் தண்டனை, மேல்முறையீட்டில் மூன்று மாதமானது. பப்புன்யா குடியிருப்பில் இரண்டு மாதம் அடைபட்டிருந்து வெளியே வந்தார். 1959 ஆகஸ்டில் இறந்தார். விடுதலையான பிறகு அவர் மனம்வைத்து வரையவில்லை என்பார்கள்.

சரி, செடிகொடிச் சட்டம் இல்லை, ஓட்டு 1962, குடியுரிமை 1949. பிறகு 1967இல் என்ன மாறியது? இனிமேல்தான் உங்கள் கேள்வியின் உட்கரு.

1901இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சாசனம் பூர்வகுடிகளை இரண்டே இடங்களில் குறிப்பிட்டது, இரண்டிலும் விலக்குவதற்காக. ஒன்று 127ஆம் பிரிவு: நாட்டின் அல்லது மாநிலத்தின் மக்கள்தொகையைக் கூட்டும்போது பூர்வகுடிகளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. இன்னொன்று 51ஆம் பிரிவின் 26ஆவது உட்பிரிவு. சட்டக்காரர்கள் இதை 'இன அதிகாரம்' என்பார்கள். குறிப்பிட்ட ஓர் இனத்துக்கென்று தனிச் சட்டம் இயற்ற நாடாளுமன்றத்துக்கு உள்ள அதிகாரம் என்று பொருள். எந்த இனத்துக்கு வேண்டுமானாலும் இயற்றலாம், மாநிலங்களில் உள்ள பூர்வகுடி இனத்துக்கு மட்டும் கூடாது என்று அது சொன்னது.

இரண்டாவதைப் படித்தால் ஏதோ பாதுகாப்புப் போலத் தோன்றும். எழுதியவர்களின் மனதில் இருந்தது சீனர்கள், இந்தியர்கள், கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்ட பசிபிக் தீவு மக்கள். அவர்களை அடக்கி வைக்கத்தான் அந்த அதிகாரம். பூர்வகுடிகள் மாநிலங்களின் பொறுப்பு, அதோடு அழிந்துகொண்டிருக்கும் இனம் என்பது அன்றைய வெள்ளையர் எண்ணம். மத்திய அரசுக்கு எதற்கு அந்தத் தலைவலி என்று விட்டுவிட்டார்கள். முதலாவதன் காரணம் இன்னும் சப்பென்று இருக்கும். மக்கள்தொகைப்படிதான் மாநிலங்களுக்கு நாடாளுமன்ற இடங்கள். புது அரசின் செலவையும் தலைக்கணக்குப்படி பங்கிட வேண்டியிருந்தது. குவீன்ஸ்லாந்திலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் பூர்வகுடிகள் அதிகம். ஓட்டே இல்லாதவர்களைக் காட்டி அந்த மாநிலங்கள் கூடுதல் இடம் பிடித்துவிடக் கூடாது. வெறும் பாகப்பிரிவினைக் கணக்கு. ஆனால் அதன் விளைவு விசித்திரமானது: கணக்கெடுப்பு அதிகாரிகள் பூர்வகுடிகளையும் எண்ணினார்கள், எண்ணிவிட்டு மொத்தத்திலிருந்து கழித்தார்கள்.

இந்தக் கழித்தலுக்கு வேர் 1901க்கு முன்னால் இருக்கிறது. மெல்போர்ன் நகரம் இருக்கும் நிலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1835இல் ஜான் பேட்மன் என்ற ஆட்டு மந்தைக்காரர் அங்கே வந்து, குலின் இனப் பெரியவர்களிடம் கம்பளி, கத்தி, கோடரி, கண்ணாடி, மாவு எல்லாம் கொடுத்துச் சுமார் 6 லட்சம் ஏக்கரை வாங்கிவிட்டதாகப் பத்திரம் எழுதிக்கொண்டார். அந்த பேரத்தை ஏமாற்று என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் ஆளுநர் ரிச்சர்ட் பர்க் அதை ரத்து செய்ததற்குக் காரணம் ஏமாற்று இல்லை. நிலம் முழுவதும் அரசருடையது, பூர்வகுடிகளிடம் விற்பதற்கு எதுவுமே இல்லை என்பதுதான். 'டெர்ரா நல்லியஸ்' என்று இதற்குப் பின்னாளில் பெயர் வந்தது. யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்று பொருள்படும் லத்தீன் சொல். ஆள் இருந்தும் நிலம் காலி என்று எழுத முடிந்தவர்களுக்கு, தலை இருந்தும் கணக்கில் இல்லை என்று எழுதுவது பெரிய பாடா?

அன்றாட வாழ்க்கையை நசுக்கியது சாசனம் அல்ல, மாநிலங்களின் 'பாதுகாப்பு'ச் சட்டங்கள். விக்டோரியா 1869, குவீன்ஸ்லாந்து 1897, மேற்கு ஆஸ்திரேலியா 1905, நியூ சவுத் வேல்ஸ் 1909 என்று வரிசையாக வந்தன. 'பாதுகாவலர்' என்று ஓர் அதிகாரி இருப்பார். பல ஊர்களில் உள்ளூர்ப் போலீஸ்காரரே அவர். யார் எங்கே வசிக்கலாம், யாரை மணக்கலாம், எந்தப் பண்ணையில் வேலை செய்யலாம் என்பதெல்லாம் அவர் கையில். குவீன்ஸ்லாந்தில் கூலி அரசுக் கணக்குக்குப் போகும், உழைத்தவர் தன் பணத்தையே கெஞ்சி வாங்க வேண்டும். அந்தக் கூலிக்காகத் தொடுத்த வழக்கில் 2019இல் அம்மாநில அரசு 19 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. கலப்பில் பிறந்த குழந்தைகளைத் தாயிடமிருந்து பிரித்து விடுதிகளில் வளர்த்ததும் இந்தச் சட்டங்களின் நிழலில்தான். 1910க்கும் 1970க்கும் இடையில் பத்துக் குழந்தைகளில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரை அப்படிப் பிரிக்கப்பட்டிருக்கலாம் என்று 1997இல் வந்த விசாரணை அறிக்கை மதிப்பிட்டது. இதற்காகப் பிரதமர் கெவின் ரட் 2008 பிப்ரவரி 13 அன்று நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார்.

இப்போது போராட்டம் எப்படி சாசனத்தின் பக்கம் திரும்பியது என்று புரிந்திருக்கும். ஆறு மாநிலங்களில் ஆறு விதச் சட்டம். மத்திய அரசைக் கேட்டால், எங்களுக்கு அதிகாரம் இல்லை என்று சாசனத்தைக் காட்டும். அந்தச் சாக்கைப் பிடுங்க வேண்டும்.

இதை முதலில் உணர்ந்தவர்களில் ஒருவர் வில்லியம் கூப்பர். யோர்டா யோர்டா இனத்தவர். அவரும் அவருக்குப் பின் வந்த தலைவர்கள் பலரும் முர்ரே ஆற்றங்கரையின் மலோகா, கமெராகஞ்சா குடியிருப்புகளில் ஒரே ஆசிரியரிடம் படித்தவர்கள். அந்த ஆசிரியர் தாமஸ் ஷாட்ராக் ஜேம்ஸ், மொரிஷியஸில் இந்தியப் பெற்றோருக்குப் பிறந்து கடல் கடந்து வந்தவர். கூப்பரின் தங்கையை மணந்தவர். கூப்பரின் மகன் ஒருவர் முதல் உலகப் போரில் ஆஸ்திரேலியாவுக்காகச் சண்டையிட்டு 1917இல் பெல்ஜியத்தில் இறந்தார். கூப்பரோ, குடியிருப்பில் இருந்தால் முதியோர் ஓய்வூதியம் கிடைக்காது என்பதற்காகவே எழுபது வயதைக் கடந்த நிலையில் 1933இல் மெல்போர்னின் ஃபுட்ஸ்கிரே பகுதிக்குக் குடிவந்தார். அங்கிருந்து ஐந்தாம் ஜார்ஜ் மன்னருக்கு ஒரு மனு எழுதி, நாடெங்கும் 1,814 கையெழுத்து திரட்டினார். எங்கள் இனம் அழியாமல் காக்க வேண்டும், நாடாளுமன்றத்தில் எங்களுக்கு ஒரு பிரதிநிதி வேண்டும் என்பது கோரிக்கை. மனுவை மன்னருக்கு அனுப்புவதில்லை என்று 1938இல் மந்திரிசபை முடிவு செய்தது. அதே ஆண்டு ஜனவரி 26, வெள்ளையர் வந்திறங்கிய 150ஆவது ஆண்டு விழாவன்று, கூப்பர், ஜாக் பேட்டன், வில்லியம் ஃபெர்குசன் முதலானோர் சிட்னியில் கூடி அதைத் துக்க நாள் என்று அறிவித்தார்கள். கூப்பர் 1941இல் இறந்தார்.

1957இல் சிட்னி டவுன் ஹாலில் அடுத்த மனு தொடங்கியது. முன்னின்றவர்கள் பேர்ல் கிப்ஸ், ஜெஸ்ஸி ஸ்ட்ரீட், ஃபெயித் பேண்ட்லர். கரும்புத் தோட்டத்துக்குப் பிடித்துவரப்பட்ட பசிபிக் தீவுக்காரர் ஒருவரின் மகள் பேண்ட்லர். 1962இல் தொடங்கிய இன்னொரு மனுவில் லட்சத்துக்கும் மேல் கையெழுத்து சேர்ந்தது. 1963இல் ஒரு தூதுக்குழு பிரதமர் மென்சீஸைச் சந்தித்தது. வந்தவர்களை உபசரிக்க அவர் மது ஊற்றிக் கொடுத்தாராம். குழுவில் இருந்த கவிஞர் கேத் வாக்கர், பின்னாளில் ஊட்ஜெரூ நூனக்கல் என்று அறியப்பட்டவர், எங்கள் குவீன்ஸ்லாந்தில் ஒரு பூர்வகுடிக்கு இதைக் கொடுத்தால் உங்களைச் சிறையில் போடுவார்கள் என்றாராம். இத்தனை வருட மனுக்கள் சொல்லாததை அந்த ஒரு கோப்பை பிரதமருக்குச் சொல்லியிருக்கும் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

1965 பிப்ரவரியில் சார்ல்ஸ் பெர்கின்ஸ் என்ற பூர்வகுடி மாணவர் சிட்னி பல்கலைக்கழகத்து மாணவர்கள் முப்பது பேரோடு ஒரு பஸ் பிடித்து நியூ சவுத் வேல்ஸின் உட்பகுதி ஊர்களைச் சுற்றினார். வால்கெட் ஊரில் முன்னாள் ராணுவத்தினர் மன்றத்துக்குள் பூர்வகுடி ராணுவத்தினரையே விடுவதில்லை. மோரீ ஊரின் பொது நீச்சல் குளத்தில் பூர்வகுடிகளுக்கு இடமில்லை. மாணவர்கள் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு குளத்தின் வாசலில் நின்றார்கள். முட்டையும் தக்காளியும் பறந்தன. நகரத்து வீடுகளின் வரவேற்பறையில் தொலைக்காட்சி இதைக் காட்டியது. அமெரிக்காவில் மட்டும் நடப்பதாக நினைத்திருந்ததைச் சொந்த ஊரில் பார்த்தார்கள்.

1967 மே 27. ஆஸ்திரேலியாவில் சாசனத்தைத் திருத்துவது லேசான வேலை இல்லை. 'இரட்டைப் பெரும்பான்மை' வேண்டும்: நாடு முழுவதிலும் பாதிக்கு மேல், அத்தோடு ஆறு மாநிலங்களில் நான்கிலாவது பாதிக்கு மேல். இதுவரை கேட்ட 45 கேள்விகளில் 8தான் தேறியிருக்கின்றன. அந்த எட்டில் மிகப் பெரிய வெற்றி இது: 90.77 சதவீதம் 'ஆம்'. நாடாளுமன்றத்தில் ஒருவர்கூட எதிர்க்காததால் 'இல்லை' தரப்புக்குத் துண்டுப் பிரசுரமே அச்சாகவில்லை. சாசனத்தில் மாறியது சில சொற்கள். 127ஆம் பிரிவு முழுதாகப் போனது. இன அதிகாரத்திலிருந்து பூர்வகுடி விலக்கு மட்டும் நீங்கியது. ஓட்டு என்றோ, குடியுரிமை என்றோ, சமத்துவம் என்றோ ஒரு சொல்லும் சேரவில்லை.

பிறகு ஏன் எல்லோரும் ஓட்டும் குடியுரிமையும் என்கிறார்கள்? பிரசாரம் செய்தவர்களே அப்படித்தான் பேசினார்கள். 51ஆம் பிரிவின் 26ஆவது உட்பிரிவு என்று சொல்லி எந்த ஊரில் ஓட்டு வாங்க முடியும்? உரிமை, சம அந்தஸ்து, முழுக் குடிமக்கள் என்று சொன்னார்கள். மக்களும் அதற்குத்தான் 'ஆம்' போட்டார்கள். ஆகவே உங்கள் மகளின் அலுவலகத்தார் நினைவில் வைத்திருப்பது, அன்று ஜனங்கள் தாங்கள் எதற்கு ஓட்டுப் போடுவதாக நினைத்தார்களோ அதை. சட்டப் புத்தகத்தில் நடந்தது வேறு.

இந்த இடைவெளி சும்மா இருக்கவில்லை. இன அதிகாரத்தை நன்மைக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. பாயிண்ட் மெக்லே பெண்களை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? அதே நாரிந்தஜெரி இனப் பெண்கள் 1990களில், தங்கள் புனித இடமான ஹிண்ட்மார்ஷ் தீவுக்குப் பாலம் கட்டக் கூடாது என்று தடுத்தார்கள். பழம்பண்பாட்டைக் காக்கும் சட்டத்தின் பாதுகாப்பு அந்தப் பாலத்துக்குப் பொருந்தாது என்று 1997இல் மத்திய அரசு ஒரு தனிச் சட்டம் இயற்றியது. 1998இல் நாட்டின் உச்ச நீதிமன்றமான உயர்மன்றம் அது செல்லும் என்றது. பூர்வகுடிகளுக்காக மாற்றிய பிரிவு அவர்களுக்கு எதிராகப் பாயலாமா என்ற கேள்விக்கு நீதிபதிகள் ஒருமித்த விடை தரவில்லை. பாலம் 2001இல் திறக்கப்பட்டது.

நல்லதும் நடந்தது, மெதுவாக. கணக்கெடுப்பில் 1971 முதல் கழித்தல் இல்லை. அதே ஆண்டு நெவில் பான்னர் மேலவையில் அமர்ந்த முதல் பூர்வகுடி ஆனார். 1975இல் இனப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் வந்தது. 1992 ஜூன் 3 அன்று எடி மாபோ என்ற டோரஸ் நீரிணைத் தீவுக்காரர் தொடுத்த வழக்கில், வெள்ளையர் வருமுன்பே இந்த மண்ணுக்கு உரியவர்கள் இருந்தார்கள் என்று உயர்மன்றம் ஒப்புக்கொண்டது. பர்க் ஆளுநரின் வாதம் செத்தது. மாபோ தீர்ப்பைக் கேட்காமல் நாலரை மாதம் முன்பே இறந்துவிட்டார். 2023 அக்டோபரில், நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை மட்டும் சொல்லும் பூர்வகுடிக் குழு ஒன்றைச் சாசனத்தில் சேர்க்கலாமா என்று மறுபடி மக்களைக் கேட்டார்கள். ஆறு மாநிலங்களும் 'இல்லை' என்றன.

உங்கள் மகள் மெல்போர்னின் எந்தப் பகுதியில் இருக்கிறாள் என்று நீங்கள் எழுதவில்லை. பிரஸ்டன், நார்த்கோட் பக்கம் என்றால் அவளுடைய நாடாளுமன்றத் தொகுதியின் பெயரைக் கேட்டுப் பாருங்கள். நெடுங்காலமாக அதற்கு, கம்பளியும் கத்தியும் கொடுத்து நிலம் வாங்கிய பேட்மனின் பெயர் இருந்தது. 2019 தேர்தல் முதல் அது கூப்பர் தொகுதி.